கணிதத் துறையில் வேலை, தமிழில் கதை: தொடங்குகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பினாங்குத் தீவில் குளுகோர் பக்கம், ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ராணுவ முகாமாக இருந்த மிண்டன் குன்றில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1969இல் தொடங்கியது. ஊரில் எல்லோருக்கும் அது யுஎஸ்எம். பெயரில் அறிவியல் இருந்தாலும் அந்த வளாகம் நாவலாசிரியர்களுக்குப் புதிதல்ல. 1982இல் தேசிய இலக்கியவாதி விருது பெற்ற மலாய் எழுத்தாளர் ஷாஹ்னோன் அஹ்மாட் அங்கே பேராசிரியராக இருந்தவர். தகவல் சாதனத் துறைப் பேராசிரியராக இருந்துகொண்டே தமிழில் நாவலும் சிறுகதையும் விமர்சனமும் எழுதியவர் ரெ. கார்த்திகேசு. 2016இல் மறையும்வரை மலேசியத் தமிழ் எழுத்தில் அவர் சொல்லுக்கு எடை இருந்தது.

அதே குன்றில் கணித அறிவியல் புலமும் இருக்கிறது. அங்கேயோ, அதுபோன்ற வேறொரு கணிதத் துறையிலோ முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டு, அல்லது புதிதாக விரிவுரையாளராகச் சேர்ந்து, மடிக்கணினியில் யாருக்கும் காட்டாத ஒரு கோப்பில் கதை எழுதி வைத்திருப்பவருக்கானது இது. ‘இரண்டையும் செய்ய முடியுமா’ என்ற கேள்விக்கு உலகத்தில் பலர் ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்கள். எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

1. முதலில் வேலையைக் காப்பாற்றுங்கள்

வேலையை உதறினால்தான் எழுத்து வரும் என்று நினைக்கிறவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். இங்கே எழுதியவர்களில் பெரும்பாலோர் சம்பளக்காரர்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், தோட்டத்துக் கிராணிகள், பத்திரிகைக்காரர்கள், அரசாங்க ஊழியர்கள். ரெ.கா.வும் பல்கலைக்கழகத்துக்கு வருமுன் வானொலி, தொலைக்காட்சியில் வேலை பார்த்தவர்தான். தமிழ்ச் சிறுகதையை நம்பி பாயான் லெப்பாஸில் வீட்டுக்கடன் கட்ட முடியாது.

கணிதக்காரருக்கு இதில் ஒரு கூடுதல் வசதி உண்டு. வேதியியல்காரர் இரவில் குடுவைக்குக் காவல் இருக்கவேண்டும். உயிரியல்காரர் ஞாயிற்றுக்கிழமையும் வந்து தட்டுகளைப் பார்க்கவேண்டும். உங்களுக்கு ஒரு வெள்ளைப்பலகை, கொஞ்சம் தாள், நூலகத்தில் ஓர் உள்நுழைவு போதும். வேலையின் பெரும்பகுதி தலைக்குள் நடக்கிறது. கதை வேலையும் அங்கேதான் நடக்கிறது. இது வசதி, இதுவே பிரச்சினையும்கூட. அதைப் பிறகு பார்ப்போம்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: ஆய்வேடு முடியும்வரை சிறுகதை மட்டும். நிரந்தர வேலை கிடைத்து, ஸ்கோப்பஸ் பட்டியலிலுள்ள ஆய்விதழ்களில் துறை எதிர்பார்க்கும் கட்டுரைகள் ஓரளவு சேர்ந்த பிறகு நாவல். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் நகராமல் கிடக்கும்போது நாவல் தொடங்குவது போன்ற இன்பம் வேறில்லை. அது நாவலாசை இல்லை, ஆய்வேட்டிலிருந்து தப்பிக்கும் ஆசை. அந்த ஆசையில் தொடங்கியது பெரும்பாலும் ஆய்வேடு முடிந்த அன்றே செத்துவிடும்.

2. முன்னே போனவர்களைப் பாருங்கள்

சோஃபியா கோவலேவ்ஸ்கயாவிலிருந்து தொடங்கலாம். 1884இல் ஸ்டாக்ஹோமில் பேராசிரியரானவர். ஐரோப்பாவில் ஒரு பெண்ணுக்கு அப்படிப்பட்ட பதவி கிடைப்பதே அதிசயமாக இருந்த காலம் அது. ஒரு நிலைப்புள்ளியைச் சுற்றிச் சுழலும் திண்பொருளைப் பற்றிய ஆய்வுக்காக 1888இல் பாரிஸ் அறிவியல் கழகம் அவருக்கு போர்தான் பரிசைத் தந்தது. ஆய்வின் தரத்தைப் பார்த்துப் பரிசுத் தொகையை 3,000 பிராங்கிலிருந்து 5,000 ஆக உயர்த்தினார்கள். அந்த ஆய்வு நடந்துகொண்டிருந்த நாட்களில், 1887இல், தோழி ஆன் ஷார்லட் லெஃப்லரோடு சேர்ந்து அவர் ஒரு நாடகமும் எழுதிக்கொண்டிருந்தார். நாடகத்துக்கு இரண்டு பகுதிகள்: வாழ்க்கை எப்படி நடந்தது என்பது ஒன்று, எப்படி நடந்திருக்கலாம் என்பது இன்னொன்று. மாந்தர்கள் அதே மாந்தர்கள். தொடக்க நிலையைச் சற்றே மாற்றினால் பாதை எங்கே போகும் என்று வகையீட்டுச் சமன்பாட்டில் கேட்கிற ஒருவருக்குத்தான் இப்படியொரு நாடகம் தோன்றியிருக்கும். பிறகு தன் இளமைப் பருவத்தைப் பற்றியும் எழுதினார். ஒரு நாவலை விட்டுச் சென்றார். 41 வயதில் இறந்துபோனார்.

நம் பக்கத்து ஆள் மணில் சூரி. 1959இல் மும்பையில் பிறந்து, இருபது வயதில் அமெரிக்கா போய், 1983இல் கார்னகி மெலனில் முனைவர் பட்டம் பெற்று, மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் பால்டிமோர் வளாகத்தில் கணிதப் பேராசிரியரானார். அவருடைய துறை எண்முறைப் பகுப்பாய்வு. பாலமோ விமான இறக்கையோ எப்படி வளையும் என்று கணக்கிட, பொருளைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் முறையில் ஐவோ பபூஷ்காவோடு சேர்ந்து பல கட்டுரைகள் எழுதியவர். கதை எழுதுவதைச் சக ஆசிரியர்களிடம் வெகுகாலம் சொல்லவில்லை. தெரிந்தால் கணிதத்தில் அக்கறை குறைந்துவிட்டது என்று நினைப்பார்களோ என்ற பயம். சிறுவயதில் தன் மும்பைக் குடியிருப்பின் மாடிப்படியில் வாழ்ந்து அங்கேயே இறந்துபோன விஷ்ணு என்ற மனிதரை வைத்து 1995 வாக்கில் எழுதத் தொடங்கினார். பாதியில் நின்ற எழுத்தை 1997இல் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனார். அங்கே ஆசிரியராக இருந்த நாவலாசிரியர் மைக்கேல் கன்னிங்ஹாம், என்ன ஆனாலும் இதை முடித்தே ஆகவேண்டும் என்று சொன்னார். ‘விஷ்ணுவின் மரணம்’ 2001இல் வந்தது. அதற்குப் பிறகும் சூரி வேலையை விடவில்லை. அடுத்த நாவல் 2008இல், மூன்றாவது 2013இல்.

அந்த இடைவெளிகளைக் கவனியுங்கள். ஒரு நாவலுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள். கணிதத் துறையில் முழுநேரம் இருப்பவருக்கு அதுதான் நியாயமான வேகம். ஆண்டுக்கு ஒரு நாவல் எழுதும் நண்பரோடு உங்களை ஒப்பிட்டுக்கொண்டு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

அறிவியல் புனைவில் வெர்னர் விஞ்சே சான் டியகோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்துக்கொண்டே பல காலம் எழுதி, ஹ்யூகோ விருதும் வாங்கி, 2000இல்தான் கற்பிப்பதை விட்டு முழுநேர எழுத்துக்கு வந்தார். பெயர் நிலைத்த பிறகு வேலையை விட்டார் என்பது கவனிக்கவேண்டியது.

3. பெயரைப் பற்றி முடிவு செய்யுங்கள்

சொந்தப் பெயரா, புனைபெயரா? கணிதக்காரர்கள் புனைபெயரை விரும்புகிறவர்கள். ‘ஆலிஸ்’ எழுதிய லூயிஸ் கரோல், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் கற்பித்த சார்ல்ஸ் டாட்ஜ்சன். கணக் கோட்பாட்டுக்காரர் ஃபெலிக்ஸ் ஹவுஸ்டோர்ஃப், பால் மோங்ரே என்ற பெயரில் கவிதையும் தத்துவமும் எழுதினார். 1904இல் வெளியான அவருடைய நாடகம் மேடையிலும் நன்றாகவே ஓடியது.

எனக்குப் பிடித்த கதை ஜயந்த் நார்லிக்கருடையது. வானியற்பியலாளர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேம்பிரிட்ஜில் அவர் படித்து முதலிடம் பெற்றது கணிதத்தில், அப்பா காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் கணிதத் துறைத் தலைவர். 1970களில் ஒரு கருத்தரங்கில் சலிப்பூட்டும் உரை ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது அங்கேயே உட்கார்ந்து மராத்தியில் ஓர் அறிவியல் கதை எழுத ஆரம்பித்தார். மராத்தி விக்ஞான் பரிஷத் நடத்திய போட்டிக்கு அதை அனுப்ப எண்ணினார். அதற்குள் அவர் பிரபலமாகிவிட்டிருந்தார். பெயரைப் பார்த்தே பரிசு கொடுத்துவிடுவார்களே! தன் முன்னெழுத்துகளைத் திருப்பிப் போட்டு நாராயண் விநாயக் ஜக்தாப் என்று ஒரு பெயரை உண்டாக்கினார். கையெழுத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று மனைவியைக் கொண்டு படியெடுக்க வைத்தார். மனைவி மங்களா நார்லிக்கரும் கணிதவியலாளர். முதல் பரிசு ஜக்தாப்புக்கே கிடைத்தது.

இதில் உங்களுக்கு உள்ள பாடம்: புனைபெயரை ஒளிவதற்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கதையை அதன் தகுதியில் மட்டும் யாராவது படிக்கட்டும் என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். ‘முனைவர்’ என்ற சொல்லைக் கண்டால் நம் ஆட்கள் கதையைப் படிக்காமலேயே பாராட்டிவிடுவார்கள். அந்தப் பாராட்டால் ஒரு பயனும் இல்லை. நாலைந்து கதைகள் வெளிவந்த பிறகு சொந்தப் பெயருக்கு வந்துவிடலாம்.

நடைமுறைச் செய்தி ஒன்று. மலேசியப் பொதுப் பல்கலைக்கழக ஊழியர்களுக்கு வெளிவேலை, வெளி வருமானம், அலுவல் தகவலைப் பயன்படுத்தி எழுதுவது ஆகியவற்றில் ஒழுங்கு விதிகள் உண்டு. கதை எழுதுவது குற்றமில்லை. ஆனால் புத்தகம் போட்டுப் பணம் வரும் நிலை வந்தால் பதிவாளர் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. நேரத்தைவிடக் கவனத்தைப் பங்கிடுவதுதான் கடினம்

‘தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் எழுதுங்கள்’ என்று எழுதும் கலை பற்றிய புத்தகங்கள் எல்லாம் சொல்லும். வங்கி வேலைக்காரருக்கு அது பொருந்தலாம். கணிதக்காரருக்கு அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பது என் எண்ணம்.

ஏனென்றால் கணிதம் மேசையை விட்டு எழுந்த பிறகும் நடந்துகொண்டிருக்கும். கணிதவியலாளர் பாய்ங்கரே இதைப் பற்றி 1908இல் விளக்கமாகச் சொன்னார். நாட்கணக்கில் முட்டிமோதிய ஒரு சிக்கலை மறந்துவிட்டுப் பயணம் கிளம்பியிருந்தார். கூட்டான்ஸ் ஊரில் குதிரைவண்டியின் படியில் கால் வைத்த நொடியில், எதைப் பற்றியும் நினைக்காதபோது, விடை வந்து நின்றது. கதைக்கும் அதே நொடிதான் வேண்டும். பட்டர்வொர்த் பெர்ரியில் நின்றுகொண்டிருக்கும்போது, ‘அவள் அந்தக் கடிதத்தைக் கிழிக்கமாட்டாள், அரிசி டின்னுக்குள் வைப்பாள்’ என்று தோன்றுவது அப்படித்தான். ஒரே அடுப்பில் இரண்டு உலை வைக்க முடியாது. பெர்ரியில் நிற்கிற அந்தக் கால் மணி நேரத்தில் உங்கள் மனம் துணைத்தேற்றத்தைக் கிளறும், அல்லது கதையைக் கிளறும். இரண்டையும் கிளறாது.

ஆகவே நாளைப் பங்கிடாமல் ஆண்டைப் பங்கிடுங்கள். பாடம் நடக்கும் பருவம் பதினான்கு வாரம். அதில் புதிய கதை தொடங்காதீர்கள். பழைய கதையைத் திருத்தலாம், வாசிக்கலாம், குறிப்பேட்டில் கேட்ட பேச்சை எழுதி வைக்கலாம். பருவத்துக்கு இடையிலான நீண்ட விடுமுறையைக் குறுக்கே வெட்டுங்கள்: முதல் பாதி ஆய்வுக் கட்டுரைக்கு, இரண்டாம் பாதி கதைக்கு. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பிய மறுநாள்தான் கதையைத் தொடங்க மிக நல்ல நாள். நடுவரிடமிருந்து பதில் வரப் பல மாதமாகும், சில கணித ஆய்விதழ்களில் ஓராண்டும் ஆகும். மனம் அப்போது வெறுமையாக இருக்கும். மற்றவர்கள் அந்த வெறுமையில் மின்னஞ்சலைத் திறந்து திறந்து பார்ப்பார்கள்.

கணிதம் எழுத்தாளருக்குத் தருவதிலேயே பெரிய கொடை ஒன்றையும் இங்கே சொல்லவேண்டும். அது தர்க்கமோ துல்லியமோ என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முட்டிக்கொண்டு உட்காரும் பழக்கம்தான் அது. ஆறு மாதம் ஒன்றும் நகராமல் ஒரு கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருப்பதும், அதைத் தோல்வி என்று எண்ணாமல் மறுநாளும் வந்து உட்காருவதும் உங்களுக்கு வேலையின் இயல்பு. புதிதாக எழுத வருகிற மற்றவர்கள் முதல் முட்டுச்சந்திலேயே ‘எனக்குத் திறமை இல்லை’ என்று எழுந்துவிடுகிறார்கள். நாவலின் நடுப்பகுதியில் மாட்டிக்கொண்டால் உங்களுக்குப் பதற்றம் வராது. சிறப்பு நிலையை எடுத்துப் பார்ப்பீர்கள், நிபந்தனையைத் தளர்த்திப் பார்ப்பீர்கள், பின்னாலிருந்து முன்னே வந்து பார்ப்பீர்கள். எல்லாமே கதையிலும் செல்லும்.

5. கணிதத்தைக் கதைக்குள் இழுத்து வராதீர்கள், இப்போதைக்கு

கணிதக்காரர் எழுதும் முதல் கதையில் பெரும்பாலும் ஒரு கணிதக்காரர் வருவார். அவருக்கு முடிவிலி கனவில் வரும். காதலியின் முகம் சமச்சீராக இருக்கும். தயவுசெய்து வேண்டாம்.

மணில் சூரியின் முதல் நாவலில் கணிதப் பாடம் எதுவும் இல்லை. மாடிப்படியும், தண்ணீருக்குச் சண்டை போடும் இரண்டு குடும்பங்களும், சாகக் கிடக்கும் ஒரு மனிதரும் இருக்கிறார்கள். அதனால்தான் அது உலகம் சுற்றியது. மூன்றாவது நாவலில் ஒரு படுக்கையறைக் காட்சிக்குள் வெடிக்கும் விண்மீனையும் அணுத்துகளையும் கொண்டுவந்தார். அந்த ஆண்டு லண்டனிலிருந்து வரும் ‘லிட்டரரி ரெவ்யூ’ இதழ், மோசமான காமக் காட்சிக்கு வழங்கிவந்த கேலி விருதை அவருக்குத்தான் கொடுத்தது. அவ்வளவு தேர்ந்தவருக்கே அந்த நிலை.

கணிதம் உள்ளே வந்தே தீரவேண்டும் என்றால் கிரேக்க எழுத்தாளர் அப்போஸ்தலோஸ் டாக்ஸியாடிஸ் செய்ததைப் பாருங்கள். கோல்ட்பாக் ஊகத்தை நிறுவ வாழ்நாளைச் செலவிட்ட ஒரு மாமாவின் கதை அவருடைய நாவல். ஊகத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இரண்டுக்கு மேற்பட்ட எந்த இரட்டை எண்ணும் இரண்டு பகா எண்களின் கூட்டுத்தொகை. 1742லிருந்து யாராலும் நிறுவ முடியவில்லை. ஆங்கிலப் பதிப்பு வந்தபோது, இரண்டு ஆண்டுக்குள் நிறுவுகிறவருக்குப் பத்து லட்சம் டாலர் என்று பதிப்பாளர்கள் அறிவித்தார்கள். யாரும் வாங்கவில்லை. ஆனால் நாவலில் வாசகர் பின்தொடர்வது எண்ணையா? குடும்பத்தார் ‘உருப்படாதவர்’ என்று ஒதுக்கிய ஒரு மனிதரைத்தானே.

கணிதக்காரரைக் கதைமாந்தராக்கினால் அவர் கண்டுபிடிப்பதைக் காட்டாதீர்கள், கண்டுபிடிக்காததைக் காட்டுங்கள். மூன்று மாதம் சரியென்று நம்பிய நிறுவல் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் பதினேழாம் பக்கத்தில் உடைகிறது. ஒரு சமனிலி எதிர்த்திசையில் இருந்திருக்கிறது. சிறியதென்று எழுதிய இடத்தில் பெரியது. வெளியே சக ஊழியர் கதவைத் தட்டி, ‘சாப்பிடப் போகலாமா சார்?’ என்கிறார். போகிறார், சாப்பிடுகிறார், பக்கத்தில் இருப்பவர் மகனின் எஸ்.பி.எம். முடிவைப் பற்றிப் பேச, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறார். சமனிலி என்றால் என்னவென்று வாசகருக்குத் தெரியவேண்டியதில்லை. அந்தத் தலையாட்டல் தெரிந்தால் போதும்.

6. நிறுவுவதை நிறுத்துங்கள்

இதுதான் கடினமான படி. இதில் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பத்தாண்டு கணிதம் எழுதிய கை, காரணம் சொல்லாமல் ஒரு வாக்கியத்தை விடாது. ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து வரவேண்டும், ஐயம் எங்கும் தங்கக்கூடாது. ஆய்விதழ் நடுவர் அதைத்தான் கேட்பார். கதை வாசகர் அதைக் கண்டால் புத்தகத்தை மூடிவிடுவார். ஒரு முதல் படி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

‘கணவர் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்ததால் செல்வி மிகுந்த துயரத்தில் இருந்தாள். ஆகவே அவளால் சமைக்க முடியவில்லை. எனவே மகன் கடையிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தான். அப்பாவின் நினைவு அவனையும் வாட்டியது.’

எல்லாம் சரியாக இருக்கிறது. உயிர் மட்டும் இல்லை. ‘ஆல்’, ‘ஆகவே’, ‘எனவே’ மூன்றையும் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். உணர்ச்சியின் பெயர்களை, ‘துயரம்’, ‘வாட்டியது’, அடித்துவிடுங்கள். மீதியை வைத்து மீண்டும்:

‘செல்வி அரிசியைக் களைந்து வைத்திருந்தாள். அடுப்பைப் பற்றவைக்கவில்லை. மகன் வந்து நாசி கண்டார் பொட்டலங்களை மேசையில் வைத்தான். “எத்தனடா வாங்கினே?” என்றாள். அவன் பதில் சொல்லாமல் தட்டு எடுக்கப் போனான். பையைத் திறந்து பார்த்தாள். மூன்று.’

இரண்டாவதில் யார் இறந்தார் என்று எழுதவே இல்லை. வீட்டில் இரண்டு பேர், பொட்டலம் மூன்று. கழித்தலை வாசகர் செய்துகொள்வார். கணிதத்தில் ‘இது வாசகருக்குப் பயிற்சியாக விடப்படுகிறது’ என்று எழுதினால் சோம்பேறித்தனம் என்று நடுவர் திட்டுவார். கதையில் அந்தப் பயிற்சிதான் வாசகரின் இன்பம்.

இதற்கு ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். கதையை முடித்ததும் கடைசிப் பத்தியை மறைத்துவிட்டுப் படியுங்கள். ஆய்வுக் கட்டுரைக்கு முடிவுரை எழுதிப் பழகியவர்கள் கதையிலும் ஒன்று எழுதிவிடுவார்கள். அதை எடுத்துவிட்டால் கதை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

7. தமிழைச் சரி செய்யுங்கள்

பினாங்கிலிருக்கும் உங்களுக்கு இது தனிப் பிரச்சினை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டுவரை கணக்கைத் தமிழில் படித்திருப்பீர்கள், 2003இலிருந்து சில ஆண்டுகளுக்குள் சேர்ந்திருந்தால் அதுவும் ஆங்கிலமாக மாறியிருக்கும். இடைநிலைப்பள்ளியில் மலாய். பல்கலைக்கழகத்தில் மலாயில் பாடம், ஆங்கிலத்தில் கட்டுரை. கதை எழுத உட்காரும்போது கையில் இருப்பது பள்ளிக் கட்டுரைத் தமிழ்: ‘கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டினான்.’

இதில் ஒரு நன்மையும் உண்டு. கணிதத்துக்கும் கதைக்கும் வேறுவேறு மொழி என்பதால் மாறிக்கொள்வது எளிது. தமிழில் முதல் வரி எழுதியதும் அலுவலகம் மூடிவிடும்.

வாசிப்புதான் மருந்து. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யைப் படியுங்கள்; போர்க்காலப் பினாங்கு அதில் இருக்கிறது, நீங்கள் நடக்கும் தெருக்கள் தமிழில் எப்படி ஒலிக்கும் என்று தெரியும். ரெ.கா.வின் ‘அந்திம கால’த்தைப் படியுங்கள், புற்றுநோய் வந்த ஒரு மனிதரின் கடைசி நாட்களை அலட்டல் இல்லாமல் எழுதியிருக்கிறார். அலங்காரத்தை விடுவதற்கு அசோகமித்திரன். பேச்சை எழுதுவதற்கு கு. அழகிரிசாமி, 1950களில் அவர் கோலாலம்பூரில் ‘தமிழ் நேச’னில் ஆசிரியர் குழுவில் இருந்தவர், ஆக நமக்குப் பாதி உறவுக்காரர். ‘மச்சான், அங்க போயி தாப்பாவ் பண்ணிக்கிட்டு வா’ என்று சூலியா தெருவில் ஒருவர் சொன்னால் அதை அப்படியே எழுத உங்களுக்குத் துணிச்சல் வரவேண்டும்.

8. கட்டுப்பாட்டோடு விளையாடலாம்

கணித மூளைக்குச் சும்மா எழுது என்றால் எழுத வராது, விதி கொடுத்தால் வரும். 1960இல் பாரிஸில் எழுத்தாளர்களும் கணிதக்காரர்களும் சேர்ந்து ‘உலிப்போ’ என்ற குழுவை ஆரம்பித்தது இதற்காகத்தான். அதன் நிறுவனர்களில் ஒருவரான ரேமோன் கெனோ பதினான்கு வரிகள் கொண்ட பத்துக் கவிதைகள் எழுதி, ஒவ்வொரு வரியையும் தனித்தனிக் கீற்றாக வெட்டி, எதையும் எதோடும் சேர்த்துப் படிக்கும்படி ஒரு புத்தகம் செய்தார். மொத்தம் நூறு லட்சம் கோடி கவிதைகள். கணிதப் பேராசிரியரான ஷாக் ரூபோவும் பின்னர் அந்தக் குழுவில் சேர்ந்தார்.

நமக்கு இது புதிதில்லை. சித்திரக்கவி பாடிய மொழி. காரிநாயனாரின் ‘கணக்கதிகார’த்தில் கணக்கே பாட்டாக வருகிறது, பலாப்பழத்தை வெட்டாமல் உள்ளே எத்தனை சுளை என்று சொல்லக் காம்பருகே உள்ள முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்கச் சொல்கிறது. சரியாக வருமா என்று பலாப்பழ நாளில் யாராவது பாலிக் புலாவ் போய்ச் சோதித்துப் பாருங்கள்.

பயிற்சிக்கு ஒரு விதி: ஒரே சம்பவத்தை ஒரு பக்கத்தில், ‘நான்’ என்ற சொல் இல்லாமல், தன்மையில் எழுதுங்கள்.

9. கதையை யாரிடம் கொடுப்பது

துறையிலுள்ள தமிழ் நண்பரிடம் முதலில் கொடுக்காதீர்கள். நன்றாக இருக்கிறது என்பார், வேறு என்ன சொல்வார் பாவம்.

1950 வாக்கில் ‘தமிழ் நேச’னில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ என்று ஒன்று நடத்தினார்கள். பத்திரிகை வழியாகவே பயிற்சி. இந்த நாட்டின் தமிழ்ச் சிறுகதையில் ஒரு தலைமுறை அங்கிருந்து வந்தது. இன்று அதற்கு ஈடாக உள்ளவை போட்டிகளும் இதழ்களும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டியில் மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. நீங்கள் முனைவர் பட்ட மாணவராக இருந்தால் விதியைப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வெற்றி பெற்றவை ‘பேரவைக் கதைகள்’ தொகுப்பில் வரும். நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு கதை வாங்குகிறது, சீக்கிரம் வரும், ஊரில் எல்லோரும் பார்ப்பார்கள், திருத்தம் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். ம. நவீன் நடத்தும் ‘வல்லினம்’ போன்ற இலக்கிய இதழ்களின் அளவுகோல் வேறு. அங்கே நிராகரிப்பு வரலாம். வந்தால் காரணம் கேளுங்கள். நடுவர் அறிக்கையைப் படித்துப் பழகியவர் நீங்கள், கடுமையான மூன்று வரிக்கு அழமாட்டீர்கள்.

ஜார்ஜ்டவுன் இலக்கிய விழா 2011லிருந்து நடக்கிறது. போய்ப் பாருங்கள். ஆங்கிலத்திலும் மலாயிலும் எழுதுகிற உங்கள் ஊர்க்காரர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரியும்.

10. புத்தகம்

பத்துப் பன்னிரண்டு நல்ல கதை சேர்ந்தால் தொகுப்புப் போடலாம். நம் நாட்டில் தமிழ்ப் புத்தகம் கடையில் விற்பதைவிட வெளியீட்டு விழாவில் விற்பதுதான் அதிகம். பெரும்பாலும் எழுத்தாளரே அச்சிட்டு, மண்டபம் பிடித்து, சிறப்பு விருந்தினரை அழைத்து, உறை வாங்கி, மீதிப் படிகளைக் கட்டிலுக்கடியில் அடுக்குகிறார். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் கணக்கு எழுதி வையுங்கள், அச்சுச் செலவுக்குக் குறையாமல் வந்தால் அதுவே நல்ல விழா. அட்டையில் ‘முனைவர்’ வேண்டாம். பின்னட்டைக் குறிப்பில் கணிதம் கற்பிக்கிறார் என்று ஒரு வரி போதும். துறைத்தலைவருக்கு ஒரு படி மரியாதைக்குக் கொடுங்கள், படித்தாரா என்று கேட்காதீர்கள்.

விழா நாளைக் குறிக்குமுன் கல்வி நாட்காட்டியைப் பாருங்கள். தேர்வு முடிந்து மதிப்பெண் ஏற்றும் வாரத்தில் விழா வைத்தால், மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கும்போது, திருத்தாத நுண்கணித விடைத்தாள் கட்டு காரின் பின்னிருக்கையில் இருக்கும்.